லாக் ஆஃப் ஆகும்போது கூட்டிப் பெருக்க

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் கோவில் மண்டபத்துக்குப் பின்னால் ஆறு பழைய கணினிகள் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வந்து உட்காருவார்கள். எல்லாருக்கும் விண்டோஸில் ஒரே பயனர் கணக்கு. ஒருவன் குரோமில் தன் மின்னஞ்சலைத் திறந்தபடியே எழுந்து போவான். அடுத்து வருகிறவள் அதை வாசித்துக்கொண்டிருப்பாள். லாக் ஆஃப் ஆகும்போதே குரோம் தடயத்தையும் டவுன்லோட்ஸ் குப்பையையும் துடைக்க ஒரு பேட்ச் ஃபைல், அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட், எழுதினேன். எழுத ஐந்து நிமிடம்தான். ஓட வைக்கத்தான் ஒரு வாரம் ஆனது.

வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் லாக் ஆன், லாக், அன்லாக் எல்லாவற்றுக்கும் வழி உண்டு, லாக் ஆஃபுக்கு மட்டும் இல்லை. விண்டோஸின் கொள்கை அமைப்புகளை மாற்றும் ஜிபிஎடிட்டைத் திறந்து, யூசர் கான்ஃபிகரேஷனில் விண்டோஸ் செட்டிங்ஸ், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்று போனால்தான் லாக்ஆஃப் கிடைக்கிறது. ஹோம் பதிப்பில் இது வராது. எங்களுடையது ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்த ப்ரோ, தப்பித்தோம்.

போட்டுப் பார்த்தால் ‘சைனிங் அவுட்’ என்று வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒட்டுக்கடையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டு வந்தேன், இன்னும் சுற்றுகிறது. பிறகுதான் உறைத்தது: சோதனைக்காகக் கடைசி வரியில் ‘பாஸ்’ போட்டிருந்தேன், ஏதாவது ஒரு விசையை அழுத்தும்வரை நிற்கச் சொல்லும் கட்டளை அது. இந்த ஸ்கிரிப்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறவை. அழுத்தச் சொல்லும் பெட்டியே திரையில் இல்லை, யார் அழுத்துவது? விண்டோஸ் 600 விநாடி பொறுத்திருந்து பார்த்துவிட்டுத்தான் விட்டது.

அந்த வரியை எடுத்தேன். நன்றாக ஓடியது. என் கணக்கிலும் ஓடி, என் புக்மார்க்குகளையும் சேர்த்துத் துடைத்தது! எம்எம்சி என்ற நிர்வாகக் கருவி வழியாக ‘நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ (நிர்வாகி அல்லாதவர்கள்) என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும்.

சில நாள் போனதும் மறுபடி அதே குப்பை. ஒரு பையனைக் கேட்டேன்.

“இடி இடிச்சா சுவிச்ச அடைச்சிடணும்னு பாட்டி சொல்லியிருக்காங்க அண்ணே.”

மாலையில் இங்கே இடி இடிக்காத நாள் குறைவு. சுவரில் கரண்டை அடைத்தால் லாக் ஆஃப் ஏது, ஸ்கிரிப்ட் ஏது? சரி என்று அதே ஃபைலை லாக்ஆனிலும் சேர்த்தேன். மறுநாள் ஒரு சின்னப் பிள்ளை, “இப்பத்தான் இறக்குனேன் அண்ணே, பாடம் காணாம போச்சு” என்று கண்ணைக் கசக்கியது. விண்டோஸ் 8.1 முதல் லாக் ஆன் ஸ்கிரிப்டுக்கு ஐந்து நிமிடத் தாமதம் வைத்திருக்கிறார்கள். ‘கான்ஃபிகர் லாகான் ஸ்கிரிப்ட் டிலே’ என்பதை 0 ஆக்கிவிட்டு, அந்தப் பாடத்தை நானே மறுபடி இறக்கிக் கொடுத்தேன்.