விலாவில் மண் ஒட்டாத காலைகள்

எங்கள் கிழக் குதிரை செவ்வந்தியை மருத்துவரின் ஊசியால் நோவின்றிச் சாகவிட நாள் குறித்துவிட்டோம். பங்குனி உத்திரம் கழிந்த பிறகு, சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்னால், கால்நடை மருத்துவர் வர இசைந்த ஒரு விடியற்காலை. உயிரோடு நின்று தவிடு தின்னும் குதிரைக்கு இப்படி முன்கூட்டியே நாள் பார்ப்பது கல்மனத்தின் வேலை என்று பலர் நினைப்பதை, இந்தச் செய்தி எங்கள் ஊரான பள்ளத்தூரில் பரவிய பிறகு என்னிடம் பேசுகிறவர்களின் முகத்திலேயே காண்கிறேன். குதிரை கீழே விழுந்து எழ முடியாமல் கிடக்கும் இரவில், கைகால் நடுங்க எடுக்கும் முடிவைவிட, அது இன்னும் நான்கு காலில் நிற்கும்போது எடுக்கும் முடிவே அதற்குச் செய்யும் மரியாதை என்பது என் எண்ணம். ஏன் அப்படி எண்ணுகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

செவ்வந்தி ஒரு செவலைப் பெட்டை. அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையில் அப்பச்சி, அதாவது என் அப்பா, அதை வாங்கி வந்தார். சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் கோயில் திருவிழாக்களை ஒட்டி நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசை அவருக்கு. ஆனால் பந்தயத்தில் ஓட்டும் துணிவு கடைசிவரை வரவில்லை. வீட்டின் பின்கட்டை அடுத்த வண்டிக் கொட்டகையில் கட்டி வைத்து, மாலை வேளைகளில் ஒற்றைக் குதிரை வண்டியில் கானாடுகாத்தான் வரை போய் வருவதோடு அந்த ஆசை நிறைவடைந்தது. அவர் காலமான பிறகு வண்டி ஓய்ந்தது; குதிரை இருந்தது.

சந்தைக் குதிரைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, பல்தான் சாட்சி. மேல்தாடையில் ஓரத்து வெட்டுப்பல்லில் ஏறத்தாழ 10 வயதில் ஈறை ஒட்டி ஒரு பழுப்புப் பள்ளக்கோடு தோன்றும். 15 வயதில் அது பல்லின் பாதியை எட்டும். 20 வயதில் பல்லின் முழு நீளத்துக்கும் இறங்கும். பின்பு ஈறுப் பக்கத்திலிருந்து மறையத் தொடங்கி, 30 வயதளவில் அற்றுப்போகும். செவ்வந்தியின் பல்லில் அந்தக் கோடு கீழ்ப்பாதியில் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆகவே வயது 25ஐ ஒட்டியது என்று கொள்ளலாம். இரண்டொரு ஆண்டு கூடலாம், குறையலாம். குதிரைகள் பொதுவாக 25 முதல் 30 ஆண்டுகள் வாழும்.

முதுமை முதலில் வாயில்தான் தெரிந்தது. குதிரையின் கடைவாய்ப் பற்கள் வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் வீதம் ஈறிலிருந்து மேலெழும்பி வந்துகொண்டே இருக்கும்; அரைத்து அரைத்து அதே அளவு தேயும். எழும்ப இனிப் பல் மிச்சமில்லை என்ற நிலை வரும்போது அரைக்கும் பரப்பு வழுவழுப்பாகிவிடுகிறது. "கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்" என்ற பழமொழிக்கு இலக்கணமாக இருந்த குதிரை, கொள்ளுக்கும் வாயைத் திறந்துவிட்டு, மென்று முடிக்க இயலாமல் நின்றது. வைக்கோல் பாதி மென்ற உருண்டைகளாகத் தொட்டியின் ஓரத்தில் விழுந்தது. கூர்மையாக வளர்ந்த பல் விளிம்புகளை மருத்துவர் அரம் கொண்டு தேய்த்துச் சரிசெய்தார். அது வலியைத்தான் போக்கும், இல்லாத பல்லை வரவழைக்காது.

அதன்பின் தீவனமே மாறியது. நெல் வைக்கோலை நிறுத்தினோம். குதிரைமசால் என்னும் தீவனப்பயிரை இளம் பருவத்திலேயே அறுத்து, விரற்கடை அளவுக்கு நறுக்கிக் கொடுத்தோம். கொள்ளை முதல்நாள் இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, வெந்நீரில் கூழாகக் கரைத்து, ஒரே வேளையில் குவிக்காமல் நான்கு வேளையாகப் பிரித்து வைத்தோம். தவிட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்தார். அதில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச்சத்து குறைவு, நாளடைவில் எலும்பே வலுவிழக்கும். இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. சரியாக மெல்லாத நார் தொண்டையில் அடைத்தால் மூக்கின் வழியே நுரையும் தீவனமும் வரும். குடலில் அடைத்தால் வயிற்றுச் சூலை. கிழக் குதிரைகளைக் கொண்டுபோவதில் இந்தச் சூலைக்குப் பெரும் பங்குண்டு.

தையற்காரரின் நாடா ஒன்றை இதற்கென்றே கொட்டகைத் தூணில் மாட்டி வைத்திருக்கிறேன். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். எடை மேடை இல்லாத ஊரில் இதுவே போதும். முதிய குதிரையின் வயிற்றைப் பார்த்து எடையை மதிப்பிடவே கூடாது. தசை தளர்ந்து வயிறு தொங்குவதால் தெருவில் போகிறவர்கள் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கையை வைத்து விலா எலும்பையும் முதுகுத் தண்டையும் தடவ வேண்டும். அப்படித் தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஒரு முறையை 1983இல் ஹென்னெக் என்பவர் அமெரிக்காவில் வகுத்தார். நடுத்தரமான 5இல் இருந்த செவ்வந்தி, கார்த்திகை மழைக்குப் பின் 3க்கு இறங்கி, எவ்வளவு கூழ் கரைத்தாலும் அங்கிருந்து ஏறவில்லை.

மூட்டு வலிக்கு மெலாக்சிகாம் மருந்து நன்றாகவே கேட்டது. கோடையிலும் உதிராமல் நின்ற நீண்ட மயிரைப் பார்த்து மருத்துவர் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறாக இருக்கலாம் என்று ஐயுற்றார். அந்தக் கோளாறுள்ள குதிரைக்கு இனிப்பு சேர்ந்தால் குளம்பின் உட்புறம் அழன்று நடையே நின்றுபோகும் என்பதால், வெல்லமும் கருப்பட்டியும் வீட்டார் அனைவருக்கும் தடை செய்யப்பட்டன. ஆத்தாவுக்குத்தான் இந்தத் தடை மிகவும் கசந்தது.

என் மனத்தை முடிவின் பக்கம் திருப்பியது எடையும் அன்று, பல்லும் அன்று, உறக்கம். குதிரை நின்றபடியே உறங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. முழங்கால் சில்லையும் தசைநாண்களையும் பூட்டிக்கொண்டு, விழாமல் நின்று கண்ணயரும் அமைப்பு அதன் கால்களில் இருக்கிறது. ஆனால் கனவு காணும் ஆழ்ந்த உறக்கத்தில் உடம்பின் தசைகள் முற்றும் தளர்வதால், அந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் போதும். ஆனால் அது இல்லாமல் தீராது. மூட்டு நொந்த கிழக் குதிரை, படுத்தால் எழ முடியுமோ என்ற அச்சத்தில் படுப்பதையே விட்டுவிடுகிறது. சில நாட்கள் தாங்கும். பிறகு நின்றுகொண்டிருக்கும்போதே ஆழ்ந்த உறக்கம் அதை வீழ்த்த, முன்னங்கால்கள் மடங்கிச் சரிந்து, விழுந்த அதிர்ச்சியில் விழித்து எழும். அதன் அடையாளம், முன்னங்கால் கணுவின் முன்பக்கத்தில் ஆறாமல் நிற்கும் சிராய்ப்பு.

செவ்வந்தியின் கணுக்களில் அந்தச் சிராய்ப்பைக் கண்டதும் மருத்துவர் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இரவில் படுக்கிறதா?" என்றுதான் கேட்டார். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் உடனே விடை சொன்னார்: "விலாவுல மண்ணு ஒட்டி நாளாச்சுங்க." எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் படுத்தெழுந்த விலங்கின் விலாவில் காலையில் அந்த நிறம் ஒட்டியிருக்கும், செவலை நிறத்திலும், அருகில் போய்ப் பார்த்தால், புழுதியின் படலம் தெரியும். தேய்த்துவிடும்போது அவர் கை அதை அறியும். அன்றே கொட்டகையின் கல்தளத்தில் மணலைத் தடிமனாகக் கொட்டி, எழும்போது கால் ஊன்ற வசதியாக ஒருபுறம் சரிவாக மேடு கட்டினோம். மருந்தின் அளவை மருத்துவர் சற்றுக் கூட்டினார். சில காலைகளில் மண் ஒட்டியிருந்தது. அண்ணன் அதைச் சொல்வதற்காகவே நான் பல் துலக்குமுன் பின்கட்டுக்கு வருவார். பிறகு அதுவும் நின்றது. "ஆச்சி, இன்னைக்கும் படுக்கல" என்பதே வழக்கமாயிற்று. பழைய கைப்பேசி ஒன்றைத் தூணில் கட்டி இரவைப் பதிவு செய்து பார்த்தேன். அது மணலை முகர்ந்து, முன்கால்களை மடக்க முனைந்து, பாதியில் நிமிர்ந்து, மீண்டும் முகர்ந்து, விடியும்வரை நின்றது. குதிரை வேட்டையாடப்படும் இனம். வலியைக் காட்டிக்கொள்வது அதன் இயல்பில் இல்லை. காது பின்னோக்கி விறைப்பது, கண் இடுங்குவது, கண்ணுக்கு மேல் இறுகுவது, தாடைத் தசை முறுகுவது, உதடும் மூக்கும் இறுகுவது என்று அதன் முகத்தில் வலியைப் படிக்கும் ஆறு குறிகளை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2014இல் தொகுத்தார்கள். அவற்றில் பாதியை அந்தப் பதிவில் நானே காண முடிந்தது.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. தரகர் ஒருவர், திருமண ஊர்வலத்துக்கு விடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்றார். நடக்கவே நோகும் குதிரையைப் பந்தலுக்குப் பந்தல் நிறுத்தி, அது முடியாதபோது அடுத்த கைக்கு மாற்றுவதுதான் அந்த வழி. கோயிலுக்கு நேர்ந்து விடச் சொன்னவர்கள் மதிப்புக்குரிய பெரியவர்கள்; அவர்களிடம் நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் வெந்நீரில் கூழ் கரைத்து நான்கு வேளை ஊட்ட வேண்டிய பல் தேய்ந்த குதிரையை ஐயனார் கோயில் பொட்டலில் விட்டால் அது எதைத் தின்னும்? அங்கே நிற்கிற மண்குதிரைகளுக்குத் தீவனம் வேண்டியதில்லை. உணவும் நீருமின்றி வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படியும் குற்றம்; பக்தியின் பெயர் அதை மாற்றிவிடாது.

மிகுதியானோர் சொன்னது, "தானாகப் போகட்டும்." இதில் ஒரு கற்பனை ஒளிந்திருக்கிறது: கிழக் குதிரை ஓர் இரவு தூக்கத்திலேயே போய்விடும் என்ற கற்பனை. அப்படி அமைவது அரிது. சூலையில் மணிக்கணக்கில் புரண்டோ, விழுந்து எழ முடியாமலோதான் பெரும்பாலும் முடிகிறது. 300 கிலோ உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் அடியிலுள்ள தசைகள் அந்தப் பாரத்திலேயே நசுங்கி இரத்தவோட்டம் இழக்கும். எழ முயன்று தலையைத் தரையில் அடித்துக்கொள்ளும். அது நள்ளிரவில், அடைமழையில் நடந்தால் எந்த மருத்துவரை எழுப்புவது?

ஆத்தாவின் மறுப்பு இவற்றிலிருந்து வேறானது. "அப்பச்சி கட்டிப் போட்டுட்டுப் போன உசுரு. அதுக்கு நாமளா நாள் குறிக்கிறது?" என்று ஒருமுறை கேட்டார், பிறகு பேச்சே எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் குதிரை கனைக்கும்போதெல்லாம் வீட்டில் அப்பச்சியின் மாலை வேளை கொஞ்சம் மீள்கிறது, எனக்கும் அப்படித்தான். ஆனால் நம் துக்கத்தைச் சுமக்கும் கடமை செவ்வந்திக்கு இல்லை. வண்டியை இழுத்ததோடு அதன் கடன் தீர்ந்தது. ஆத்தாவுக்கு நான் காரணம் எதுவும் எடுத்துச் சொல்லவில்லை. இரவுப் பதிவை மட்டும் காட்டினேன். முழுவதும் பார்த்தார். மறுநாள் நாட்காட்டியை எடுத்து, கரிநாள் வேண்டாம், உத்திரம் கழியட்டும் என்றார். எனக்கு நாள் நட்சத்திரத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. வெயிலுக்கு முன் என்பது மருத்துவரின் கணக்கு, மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும் என்பது என் கணக்கு. மூன்றும் பங்குனியில் ஒத்துப்போயின.

என்ன நடக்கும் என்பதை மருத்துவர் ஒளிக்காமல் விளக்கினார். கழுத்து இரத்தக் குழாயில் முதலில் மயக்க ஊசி. தலை தாழ்ந்து அமைதியான பிறகு தயோபென்டோன் என்ற மயக்க மருந்து, உயிர் போகுமளவுக்குப் பேரளவில். ஒரு நிமிடத்துக்குள் சரியும். ஆகவே கல்தளத்தில் வேண்டாம், மண்தரையில், சுற்றிலும் இடமுள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். கண் திறந்தே இருக்கும். தசை துடிக்கலாம், நெடுமூச்சு ஒன்று வரலாம். அவை உயிரின் அறிகுறிகள் அல்ல. இதயத் துடிப்பு நின்றதையும், கருவிழியைத் தொட்டால் இமை அசையாததையும் உறுதி செய்த பிறகே அவர் எழுவார். கொட்டகையில் உடனிருக்கும் நாட்டுப் பசுவை அருகே கொண்டுவந்து முகரவிடச் சொன்னார். அப்படிச் செய்தால் தேடிக் கத்துவது குறையுமாம்.

ஊசி மருந்து உடலிலேயே தங்கியிருப்பதால், நாயோ பருந்தோ தின்றால் அவையும் சாகும். அதனால் ஆழப் புதைப்பது கட்டாயம். ஊரணிக்கும் கிணற்றுக்கும் தள்ளி, எங்கள் தோப்பின் மேட்டுப் பகுதியில் 9 அடி ஆழத்துக்குக் குழி, ஊராட்சியில் சொல்லியாயிற்று. இந்தச் செம்பொறைத் தரையை மண்வெட்டி தொடாது என்பதால் ஜேசிபிக்கும் முதல்நாள் பிற்பகலுக்கே முன்பணம் கொடுத்தாயிற்று.

அன்று காலை தீவனத்தில் எந்தத் தடையும் இல்லை என்று மருத்துவர் சொன்னதும், ஆத்தா உடன்குடிக்குச் சொல்லிக் கருப்பட்டி வரவழைத்து, ஓலைக் கொட்டானில் மூடி வைத்திருக்கிறார். கட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும், கொள்ளுக் கூழில் கரைத்தே கொடுக்க வேண்டும் என்று நானும் அண்ணனும் மாறி மாறி நினைவூட்டிக்கொண்டிருக்கிறோம்.