அப்பாவின் பதினோரு பிளாப்பிகள்

அப்பா 1998-இல் தட்டச்சு செய்து வைத்த ஊர் வரலாற்றுக் குறிப்புகள், பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பதினோரு பிளாப்பிகளாக (அந்தக் காலக் கணினிகளில் ஃபைல்களைச் சேமித்த சதுர டிஸ்குகள்) கிடந்தன. அவற்றை லேப்டாப்புக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆயிற்று.

முதல் வாரம் வீண். யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்கிவந்து பிரித்தால், முகப்பில் பென் டிரைவ் செருகும் துளை மட்டும்தான் இருந்தது. பிளாப்பி நுழைய வழியே இல்லை. அது எமுலேட்டர், பழைய எம்பிராய்டரி இயந்திரங்களில் பிளாப்பிக்குப் பதில் பென் டிரைவ் போட உதவுவது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். வாங்கும்போதே பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அடுத்து சரியான டிரைவ் கிடைத்தது. இரண்டு பிளாப்பி நன்றாகப் படித்தது. மூன்றாவதைப் போட்டதும் கரகரவென்று சத்தம், அப்புறம் ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. தயவுசெய்து அங்கே சம்மதம் சொல்லிவிடாதீர்கள், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். நல்லவேளை, மூலையில் இருக்கும் பூட்டுத் தாழ்ப்பாளை முன்பே தள்ளி வைத்திருந்தேன். 1.44 எம்பி பிளாப்பியில் இரண்டு துளைகளும் திறந்து தெரிந்தால்தான் எழுத முடியாதபடி பூட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

உலோக மூடியை நகர்த்தி வெளிச்சத்தில் பார்த்தேன். பழுப்புத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அந்த அழுக்கு டிரைவின் ஹெட்டில், அதாவது தகட்டைத் தொட்டுப் படிக்கும் முனையில், ஒட்டியிருந்ததால் நான்காவது பிளாப்பியில் வட்டமாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிளாப்பியையும் மூடி திறந்து பார்த்த பிறகே போட்டேன்; நடுநடுவே பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன்.

ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்வதையும் விட்டுவிட்டேன். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைப் போட்டு முழுப் பிளாப்பியையும் அப்படியே இமேஜாக, அதாவது ஒரே ஃபைலில் அச்சு அசல் நகலாக, எடுத்தேன். பிளாப்பியில் தகவல் சிறு சிறு துண்டுகளாக, செக்டர்களாக, இருக்கும். அந்த மென்பொருள் நல்ல செக்டர்களை முதலில் எடுத்துவிட்டு, மக்கர் செய்கிறவற்றைப் பிறகு திரும்பத் திரும்ப முயல்கிறது. மொத்தம் 2880 செக்டர். எல்லாம் வந்தால் இமேஜ் 14,74,560 பைட் இருக்கும்.

யூஎஸ்பி டிரைவ் கைவிட்ட நான்கை நண்பரின் பழைய டெஸ்க்டாப்பில் போட்டோம். டிரைவின் விளக்கு அணையவே இல்லை. 34 பின் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருந்தோம். திருப்பிச் செருகியதும் மூன்று பிளாப்பிகள் முழுதாக வந்தன!

ஆனால் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அரைப்புள்ளிகளைப் பார்த்ததும் நிம்மதி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அந்தச் சாவியில்தான் இருக்கிறது. கன்வெர்ட்டரில் போட்டு, இன்றைய கணினிகளுக்குப் புரியும் யூனிகோடாக்கியதும் எங்கள் ஊர் ஏரியின் பழைய பெயர் முதல் வரியிலேயே தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கீறல் விழுந்த நான்காவதில் பாதிதான் கிடைத்திருக்கிறது. அதை இன்னும் தூக்கிப் போடவில்லை.