கட்டி எடுத்த இடம் எப்படி ஆறும்?

அத்தைக்கு இரைப்பையில் இருந்த ஆரம்பநிலைக் கட்டியை, வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுத்துவிட்டார்கள். 1990-களின் இறுதியில் ஜப்பானில் வளர்ந்த முறை. இரைப்பையின் உட்புறச் சவ்வுக்கு அடியில் திரவம் ஏற்றி, கட்டியை மேலெழுப்பி, கீழிருந்து அறுத்து எடுக்கிறார்கள். பெரும்பாலும் தையல் கிடையாது. "புண்ண அப்படியே விட்டுட்டாங்களா?" என்று மாமா ஆஸ்பத்திரி வராந்தாவையே இரண்டாக்கிவிட்டார்.

அப்படித்தான் விடுவார்கள். அடியிலுள்ள தசை அடுக்கு கெடாததால் புண்ணின் விளிம்புகள் சுருங்கி உள்ளே வர, புதுச் சவ்வு மேலே படர்கிறது. பெரிய புண்கூட பெரும்பாலும் 8 வாரத்துக்குள் தழும்பாகிவிடும். அதுவரை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை விடக்கூடாது. (அத்தையின் கவலை மீன்குழம்பு எப்போது என்பதுதான்.)

முதல் சில வாரங்களில் ரத்தக்கசிவுதான் பயம். மலம் தார் போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதை ஒழித்தால் இரைப்பையில் வேறிடத்தில் கட்டி முளைக்கும் வாய்ப்பு குறைகிறது.