அம்பையில் அத்தை, கல்லிடையில் தோழன்

அரையாண்டுத் தேர்வு முடிந்து மகளுக்கு விடுமுறை விட்டதும், எனக்குக் கிடைத்த மூன்று நாள் விடுப்பில் அம்பாசமுத்திரம் போய் அத்தையைப் பார்த்து வருவதென்று முடிவாயிற்று. தாமிரபரணியின் வடகரையில் அம்பை, தென்கரையில் கல்லிடைக்குறிச்சி. அக்கரையில்தான் என் பள்ளித் தோழன் இருக்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவனுடைய அம்மா காலமானபோது நான் போகவில்லை. தொலைபேசியில் துக்கம் விசாரித்ததோடு சரி. இந்தப் பயணத்தில் அத்தையைப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு நிகராக அந்தக் கூச்சமும் என்னோடு வந்தது.

எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் திருநெல்வேலியில் இறங்கி, செங்கோட்டை போகும் பயணிகள் வண்டிக்கு மாறினோம். நான் படித்த காலத்தில் மீட்டர் கேஜாக இருந்த இந்தத் தடம் 2012இல் அகலப்பாதை ஆனது. சேரன்மகாதேவி தாண்டியதும் இருபுறமும் பிசானப் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. மேற்கே பொதிகை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. மகளுக்கு மலையைக் காட்டினேன். அவள் பார்வை முழுவதும் எதிர் இருக்கைக்காரர் பிரித்த முறுக்குப் பொட்டலத்தின் மீதே இருந்தது.

“எய்யா, ரெண்டு நாளைக்கா இம்புட்டுத் தூரம் வந்தே?” என்று கேட்டபடியே அத்தை அடுப்படிக்குள் போய்விட்டார். எழுபத்தெட்டு வயதிலும் அங்கே வேறு யாரையும் அவர் விடுவதில்லை. மதியம் சொதி வைத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குரிய குழம்பு அது. பாசிப்பருப்பும் காய்களும் இரண்டாம், மூன்றாம் தேங்காய்ப்பாலில் வெந்த பிறகு, கெட்டியான முதல் பாலை ஊற்றி, நுரை கூடியவுடன், கொதிக்க விடாமல் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு அதற்கும் பிறகுதான். இஞ்சிப் பச்சடி இல்லாமல் சொதி பரிமாறுவது அத்தையின் கணக்கில் பெரிய குற்றம். சாப்பிட்ட பிறகு, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆறு கரைபுரண்டு ஓடியதையும், இரண்டு இரவுகள் தான் தூங்காமல் உட்கார்ந்திருந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் விடியற்காலையில் நாங்கள் குளிக்கப் போனபோது, அதே ஆறு மகளின் முழங்காலளவுக்குத் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குப் பாலத்தைக் கடந்து கல்லிடைக்குப் போனேன், மகளையும் கூட்டிக்கொண்டு. தோழனின் குடும்பத்துக்கு அப்பளத் தொழில். கல்லிடை அப்பளத்தின் ருசிக்கு ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உளுந்து மாவோடு உப்பு, பெருங்காயம், அப்பளக்காரம், பிரண்டைச் சாறு சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தொட்டு உலக்கையால் இடித்து இடித்து, மாவு கையில் ஒட்டாமல் இழுபடும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்பு அது அவன் அம்மாவின் வேலை. இப்போது அதற்கு இயந்திரம் வந்துவிட்டது. உலக்கை மட்டும் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. திண்ணையில் நான்கு பெண்கள் உட்கார்ந்து உருண்டைகளை வட்டமாக இட்டு நிழலில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் மகளின் கையில் ஒரு பச்சை மாவு உருண்டையை எண்ணெய் மினுங்க வைத்தார். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அப்படித் தின்றுதான் வயிற்றைக் கெடுத்துக்கொண்டோம்.

அம்மாவைப் பற்றி எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல், உளுந்து விலையைப் பற்றியே அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனே எழுந்து, “வா, கோயிலுக்குப் போய்ட்டு வரலாம்” என்றான். குலசேகரமுடையார் கோயில். அங்கிருந்து 1982இல் களவுபோன ஐம்பொன் நடராசர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, 2019 செப்டம்பரில் மீட்டுக் கொண்டுவரப்பட்டது. அன்று ஊரே திரண்டு நின்றதை அவன் விவரித்துக்கொண்டே வந்தவன், சந்நிதித் தெருவில் சட்டென்று நின்று, “ஏலே, நடராசரே முப்பத்தேழு வருசம் கழிச்சு ஊருக்கு வந்துட்டாரு. நீ ஏழு வருசத்துலயே வந்துட்ட, பரவால்ல” என்றான்.

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், “அம்மாவுக்கு நான் வந்திருக்கணும்” என்று சொல்ல முடிந்தது.

“வந்திருக்கணும்தான்” என்றான். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனான்.

புறப்படும்போது நான்கு கட்டு அப்பளம் கொடுத்தான். காசு எடுத்தால் பேச மாட்டேன் என்று மிரட்டினான். அத்தை தன் பங்குக்கு மாவடு ஜாடியொன்றைத் துணி சுற்றிக் கொடுத்திருந்தார். இரவு வண்டியில் அந்த ஜாடியைப் பைக்குள் அப்பளத்தின் மேலேயே வைத்துவிட்டேன் என்பது சென்னை வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு கட்டு நொறுங்கிப்போயிருந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அந்தத் துண்டுகளைப் பொரித்துப் போட்டு, அன்றைக்கே அப்பளக் குழம்பு வைத்துவிட்டாள்.