பழைய டிரைவரை முதலில் துடைத்தெடுங்கள்

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு ஏஎம்டி கார்டு மாட்டினால், பழைய டிரைவரின் (கார்டை இயக்கும் மென்பொருள்) மிச்சங்கள் விண்டோஸுக்குள்ளேயே கிடக்கும். திரை கருப்பாவது, கேம் நடுவில் மூடிக்கொள்வது போன்ற தொல்லைகள் பல நேரம் இதனால்தான்.

புது டிரைவரை முதலிலேயே இறக்கி வையுங்கள். ஏஎம்டி, என்விடியா, இன்டெல் எதுவானாலும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் வரும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். பழைய டிரைவரை முழுதாக நீக்கும் டிடியூ (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற இலவசக் கருவியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இணையத்தைத் துண்டியுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்; நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடும். ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 4 அழுத்தினால் சேஃப் மோட், அதாவது விண்டோஸ் அடிப்படை டிரைவர்களோடு மட்டும் இயங்கும் நிலை. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் ரெக்கவரி கீ கேட்கலாம், முன்பே குறித்து வையுங்கள். டிடியூவில் பழைய கார்டின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து டிரைவரை அழித்துவிடுங்கள். பிறகு கணினியை அணைத்து, கார்டை மாற்றி, புது டிரைவரை நிறுவுங்கள். நடுவே திரை சில நொடி அணைந்து வரும். பயந்து பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

டிவைஸ் மேனேஜரில் இன்னமும் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றே காட்டினால் டிரைவர் ஏறவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் கேம் மந்தமா? மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள்; கார்டில்தான் இருக்க வேண்டும்.

ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கு என்விடியா டிரைவர்களில் 580 கிளைதான் கடைசி; அதற்குப் பிந்தைய கிளைகள் அவற்றுக்குப் பொருந்தாது.