பென் டூல் செய்முறைத் தேர்வு: கோடு சரி, பாத் எங்கே?

ஃபோட்டோஷாப் பென் டூல் செய்முறைத் தேர்வின் முடிவு வந்துவிட்டது, தேறியாயிற்று. செய்முறையில் குறைந்த மதிப்பெண் வளைவுகளால் குறையவில்லை, வொர்க் பாத்தை, அதாவது பென் டூலால் புள்ளி வைத்து வரைந்த, இன்னும் பெயர் கொடுக்காத கோட்டைச் சேமிக்காததால் குறைந்தது. ஆகவே முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

ஃபோட்டோஷாப்பில் வரைய ஆரம்பித்ததும் பாத்ஸ் பேனலில் சாய்வெழுத்தில் ‘வொர்க் பாத்’ என்று ஒன்று முளைக்கும். அது தற்காலிகம். நடுவில் கை தவறி என்டர் தட்டினாலோ, பேனலின் வெற்றிடத்தில் கிளிக் செய்தாலோ கோடு திரையிலிருந்து மறையும். அந்த நிலையில் அடுத்த புள்ளியை வைத்தீர்களோ, பழைய பாத் போய்ப் புதியது அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. உடனே கண்ணில் பட்டால் கன்ட்ரோல் இசட் போதும். தாமதமானால் மொத்தமும் மறுபடி வரைய வேண்டியதுதான். மூன்று புள்ளி வைத்ததுமே பேனலில் வொர்க் பாத்தை இரட்டைக் கிளிக் செய்து பெயர் கொடுங்கள். கிளிப்பிங் பாத் (கோட்டுக்கு வெளியே இருப்பதை மறைக்கும் பாத்) கேட்டிருந்தாலும் சேமித்த பாத்துக்குத்தான் அந்த வசதி.

அடுத்தது, புள்ளிகளின் எண்ணிக்கை. கைப்பிடி வைத்த கோப்பை ஒன்றை வெட்டி எடுக்கச் சொன்னார்கள் என்று வையுங்கள். விளிம்பு நீள்வட்டத்துக்கு மேல், கீழ், இடம், வலம் என 4 புள்ளிகள் தாராளம். ஹேண்டில்களை (புள்ளியிலிருந்து நீண்டு வளைவைத் தீர்மானிக்கும் கோடுகளை) கிடையாகவும் செங்குத்தாகவும் மட்டும் இழுங்கள். முழு வட்டமானால் ஹேண்டிலின் நீளம் ஆரத்தில் 0.55 பங்கு, மென்மையான மற்ற வளைவுகளில், இரு புள்ளிகளுக்கு இடையிலான துண்டின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 12 புள்ளி வைத்தால் விளிம்பு நெளியும், பிறகு எதைத் திருத்துவது என்றே தெரியாது.

கைப்பிடி உடலோடு சேரும் இடம் கூர்மையானது. அங்கே புள்ளியை வைத்துவிட்டு, அதன்மேலேயே ஆல்ட் பிடித்துக் கிளிக் செய்தால் முன்னோக்கிய ஹேண்டில் உதிர்ந்துவிடும். அடுத்த வளைவு புதிதாகத் தொடங்கும். கைப்பிடிக்குள் இருக்கும் துளையை அதே பாத்துக்குள் இரண்டாவது மூடிய கோடாக வரைந்து, கறுப்பு அம்பால் தேர்ந்து, ‘சப்ட்ராக்ட் ஃப்ரண்ட் ஷேப்’ கொடுக்க வேண்டும். ‘கம்பைன் ஷேப்ஸ்’ என்றே விட்டால் துளை அடைபட்டு, பின்னணி அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

மற்றவை சுருக்கமாக:

- தொடங்குமுன் மேல் பட்டையில் ‘பாத்’ இருக்கிறதா பாருங்கள். ‘ஷேப்’ இருந்தால் படத்தின்மேல் நிறம் கொட்டும்.
- 200% பெரிதாக்கி, விளிம்பிலிருந்து 1 பிக்சல் உள்ளே வரையுங்கள். வெளியே வரைந்தால் பின்னணி நிறம் கீற்றாக நிற்கும்.
- தவறிய புள்ளிக்கு டெலீட் வேண்டாம். இரண்டாம் முறை தட்டினால் பாத்தே போய்விடும்.
- கன்ட்ரோல் அழுத்தியிருக்கும்வரை வெள்ளை அம்பு கிடைக்கும். டூல் மாற்றி நேரம் கழிக்காதீர்கள்.
- ரப்பர் பேண்ட் (அடுத்த கோடு எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் வசதி) பலருக்குப் பிடிக்கும். பதற்றக்காரர்கள் அணைத்துவிடலாம், கூடவே ஆடும் கோடு கண்ணைக் குழப்பும்.
- பாத்ஸ் பேனலின் கீழே இருக்கும் செலெக்‌ஷன் பொத்தான் கடைசியாகக் கொடுத்த ஃபெதர் (விளிம்பை மங்கலாக்கும்) அளவையே எடுத்துக்கொள்ளும். முன்பு 10 போட்டிருந்தால் கோப்பை பஞ்சுபோல வரும். ‘மேக் செலெக்‌ஷன்’ திறந்து 0.5 கொடுங்கள்.
- பிஎன்ஜியாக ஒப்படைத்தால் பாத் கூடவே போகாது. பிஎஸ்டி அல்லது டிஃப்.