ஆடிக் கூழுக்கு அலைந்த கதை

போன ஆடியில் எங்கள் பண்ணையில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அதற்கு முன் இரண்டு மாதம் அலைந்த அலைச்சல் இன்னும் ஆறவில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில் நம்மவர்களில் வேறு யாராவது டர்பன் நகரை விட்டு உள்ளே போய், கூட்டு நிலத்தில் குடியிருந்துகொண்டு இதைச் செய்ய நினைத்தால், அவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து, உள்நாட்டில் மிட்லேண்ட்ஸ் என்கிற புல்வெளிப் பக்கம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பதினொரு குடும்பங்கள், நிலம் ஓர் அறக்கட்டளையின் பேரில். ஆறு மாதம் தங்கிப் பார்த்தோம், உறுப்பினர் ஆனோம், அதில் ஒரு சிக்கலும் இல்லை. சமையல் முறை வைத்து நடக்கும், தோட்ட வேலை பொது, புதன்கிழமை சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். எந்த முடிவுக்கும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் அது நின்றுவிடும்.

மே மாதக் கூட்டத்தில் கூழைப் பற்றிச் சொன்னேன். ஒரு தம்பதி, பொது இடத்தில் ஒரு மதத்தின் சடங்கு எதற்கு என்றார்கள். அன்று எனக்குக் கைகொடுத்தது, காந்தி இந்த நாட்டில் நடத்திய டால்ஸ்டாய் பண்ணை. 1910-ல் அவருடைய நண்பர் காலன்பாக் தன் 1,100 ஏக்கரைச் சத்தியாக்கிரகிகள் தங்கக் கொடுத்தார். தமிழ்க் குடும்பங்களும் அங்கே இருந்தன, காந்தி தனக்குத் தெரிந்த தமிழை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். முஸ்லிம் பிள்ளைகள் ரம்ஜான் நோன்பு பிடித்தபோது, இந்து, பார்சி, கிறிஸ்தவப் பிள்ளைகளையும் கூடவே விரதம் இருக்கச் சொன்னார். இதைச் சொல்லி, "நீங்களும் வந்து ஒரு கிண்ணம் கூழ் குடியுங்கள், அவ்வளவுதான்" என்றேன். அவர்கள் சம்மதித்தார்கள்.

இன்னொருவர் சம்மதிக்கவில்லை. அவருக்குப் பயம் விறகடுப்பின் மேல். அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே ஆடி என்றால் குளிர்காலம், மழை இல்லை, புல்லெல்லாம் காய்ந்து வெளுத்திருக்கும். உள்நாட்டு மேட்டிலிருந்து பெர்க் காற்று இறங்கினால் ஒரே காலையில் குளிர் போய்ச் சூடு ஏறும், ஒரு பொறி போதும். 1998-ஆம் வருடத்துக் காட்டுத்தீச் சட்டப்படி தீத்தடுப்புப் பாதை (தீ தாண்டாதபடி புல்லை அகற்றிய பட்டை) போட வேண்டியது நிலத்துக்காரர் பொறுப்பு. நிலத்துக்காரர்கள் சேர்ந்து நடத்தும் தீத்தடுப்புச் சங்கத்தில் சேராத நிலத்திலிருந்து தீ பரவி யாராவது வழக்குப் போட்டால், கவனக்குறைவு இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். நாங்கள் சங்கத்தில் இருக்கிறோம். இருந்தாலும் எழுத்தில் அனுமதி வாங்கி வந்தால்தான் சரி என்றார்.

அப்போதே நான் ஒன்று கேட்டிருக்க வேண்டும்: யாரிடமிருந்து, என்ன அனுமதி? கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள், கேட்டதைக் கூட்டப் புத்தகத்தில் எழுதவும் வையுங்கள்.

எழுபது கிலோமீட்டர் பக்கி (பின்னால் திறந்த சிறு லாரி) ஓட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் ஒரு படிவத்தைத் தள்ளி, நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார். நான் அங்கே குடியிருப்பவன்தான், ஆனால் நிலத்துக்காரர் அறக்கட்டளை. திரும்பினேன். அறங்காவலர் மூன்று பேரில் ஒருவர் கேப்டவுனில் இருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டு மின்னஞ்சலில் அனுப்பியதை அச்செடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனால், அசல் தாள்தான் வேண்டும் என்கிறார். இதை முதல் தடவையே சொல்ல அவருக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? அசல் கூரியரில் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. மூன்றாம் முறை அந்த ஜன்னலில் வேறொரு அம்மா இருந்தார். படிவத்தைப் பார்த்ததுமே, "இது புல்வெளியை எரிக்கிறதுக்கு. நீங்க சமைக்கத்தானே போறீங்க? உங்க சங்கத்துத் தீ அதிகாரிகிட்ட பேசுங்க, போதும்" என்றார். வாசலில் நின்றே போன் செய்தேன். அந்த அதிகாரி ஐந்து நிமிடத்தில் நிபந்தனைகளைச் சொல்லி, சாயங்காலமே எழுதி அனுப்பினார். சுற்றிலும் புல் செதுக்கிய இடம், தண்ணீர், ஆள் காவல், தீ பரவும் ஆபத்தை நாள்தோறும் நிறத்தால் அறிவிப்பார்கள், அன்றைய அபாயநிலை சிவப்பாக இருக்கக் கூடாது. மூன்று பயணம், நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். முதலில் அவரைக் கூப்பிட்டிருந்தால் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

வேப்பிலைக்குப் பதிலாக நாம் இலை பறிக்கும் சிரிங்கா மரம், இங்கே பரவிக் கெடுக்கும் அயல் மரங்களின் பட்டியலில் இருப்பதால் பண்ணையில் எப்போதோ வெட்டிவிட்டார்கள். அம்மா சாட்ஸ்வொர்த்திலிருந்து கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தோம், அறுபது பேருக்குச் சொல்லியிருந்தோம். வெள்ளிக்கிழமை அபாயநிலை மஞ்சள். சனி ராத்திரி ஆரஞ்சு. ஞாயிறு விடியும்போது ஜன்னல் தகரம் அடித்துக்கொண்டது, கதவைத் திறந்தால் முகத்தில் சூடு. சிவப்பு என்று செய்தி வந்துவிட்டது. சிவப்பு என்றால் வெளியில் எந்த நெருப்பும் கூடாது, இது சட்டம். அம்மா முதல் நாளே அடுக்கிவைத்த விறகைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது.

அம்மாதான் முதலில் தேறினார். "அம்மன் கூழைத்தானேடா கேக்குறா, விறகையா கேக்குறா? தூக்கு உள்ளே" என்றார். பொதுச் சமையலறையின் கேஸ் அடுப்பில் ஒரு நேரத்துக்கு ஓர் அண்டாதான் நிற்கும். மீலி மாவை (மக்காச்சோள மாவு) இரண்டு நாள் முன்பே புளிக்கவைத்திருந்தோம். முதல் அண்டா இறங்க மணி பதினொன்று. இரண்டாவது பாதி வேகும்போது 9 கிலோ சிலிண்டர் தீர்ந்துபோய், மூன்று வீடுகளிலிருந்து சிலிண்டர் கழற்றிக்கொண்டு வந்தார்கள். வெங்காயம் நறுக்கிப் போட்டு, தயிருக்குப் பதில் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த அமாசியை (சுலு மக்களின் புளித்த பால்) ஊற்றிக் கலக்கினோம். அதைக் கொடுத்த சுலு கோகோ (பாட்டி) இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, இது எங்கள் வீட்டுக் கஞ்சிதானே என்றார். விறகடுப்பை மறுத்த அந்த மனிதர் முதுகில் தண்ணீர்த் தொட்டியோடு நாள் முழுக்க வேலி ஓரம் நடந்தார். அவருக்கு நானே கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்போது மணி மூன்று. ஒரு வாய் மீதமில்லை.

இந்த வருடத்துக்குத் தீ அதிகாரியின் கடிதம் ஏப்ரலிலேயே வாங்கிவைத்தாயிற்று. 19 கிலோ சிலிண்டர் இரண்டு சொல்லியிருக்கிறேன். விறகும் அடுக்கிவைப்போம், காற்று இடம் கொடுத்தால் வெளியிலேயே பொங்கட்டும்.